பிள்ளை கைக்கு எட்டாத துப்பாக்கி: தோட்டப்புறப் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டிய சட்டமும் பாதுகாப்பும்

மலேசியாவில் துப்பாக்கி கடைக்குப் போய் வாங்கி வரும் பொருள் அல்ல. போலீஸ்காரர், இராணுவ வீரர், வங்கி வாசலில் நிற்கும் ஜாகா ஆகியோரைத் தவிர வேறு யார் கையிலும் அதைப் பார்க்காமலே நம்மில் பலர் காலத்தைக் கழித்துவிடுகிறோம். அதனால் ‘துப்பாக்கியும் பிள்ளைகளும்’ என்று பேச்சு எழுந்தால், அது அமெரிக்கப் பெற்றோரின் கவலை என்று நினைத்து அடுத்த செய்திக்குப் போய்விடுகிறோம்.

நம் நாட்டில் துப்பாக்கி குறைவு என்பது உண்மைதான். ஜெனீவாவில் இயங்கும் சிற்றாயுத ஆய்வு நிறுவனம் 2017இல் கணித்தபடி, பொதுமக்களிடம் உள்ள துப்பாக்கிகள் அமெரிக்காவில் 100 பேருக்கு 120. கெடாவை ஒட்டியிருக்கும் தாய்லாந்தில் 15. மலேசியாவிலோ ஒன்றுகூட இல்லை, 0.7தான்.

ஆனால் தோட்டப்புறத்தில் அந்தத் தூரம் சற்றுக் குறைகிறது. காட்டுப்பன்றியை விரட்ட உரிமத்தோடு வைத்திருக்கும் ‘செனாப்பாங் பாத்தா’, குருவி சுட எடுத்துப் போகும் காற்றுத் துப்பாக்கி, இணையத்தில் வாங்கிய ‘ஜெல்’ துப்பாக்கி, மறுநடவுக்கு மண்ணைக் கிளறும்போது தட்டுப்படும் பழைய வெடிகுண்டு. இந்த நான்கு வழிகளில்தான் நம் பிள்ளைகள் ஆயுதத்தைத் தொட வாய்ப்பு இருக்கிறது. ஒவ்வொன்றையும் சட்டம் எப்படிப் பார்க்கிறது, வீட்டில் என்ன செய்ய வேண்டும், பிள்ளை சிக்கிக்கொண்டால் என்ன வழி என்பதை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

சட்டம் ஏன் இவ்வளவு கடுமை?

இந்த நாட்டில் ஆயுதச் சட்டம் அவசரகாலத்தின் நிழலில் வளர்ந்தது. 1948 ஜூனில் சுங்கை சிப்புட்டில் தோட்ட நிர்வாகிகள் மூவர் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தாலே தூக்கு என்ற விதி வந்தது. தொழிற்சங்கத் தலைவர் எஸ். ஏ. கணபதி 1949 மே 4ஆம் தேதி புடு சிறையில் தூக்கிலிடப்பட்டது இந்த விதியின் கீழ்தான். அவர் மீது சாட்டப்பட்ட குற்றம், கைத்துப்பாக்கியும் தோட்டாக்களும் வைத்திருந்தார் என்பது. தோட்டத் தமிழர்கள் துப்பாக்கிச் சட்டத்தின் கனத்தை முதலில் உணர்ந்தது அன்றுதான் என்று சொல்லலாம்.

கெடாவும் இந்த வரலாற்றுக்கு வெளியே இல்லை. 1955 டிசம்பர் 28, 29 தேதிகளில் துங்கு அப்துல் ரஹ்மானும் சின் பெங்கும் சந்தித்துப் பேசியது பாலிங் பட்டணத்துப் பள்ளிக்கூடத்தில்தான். அவசரகாலம் 1960 ஜூலை 31இல் முடிந்தது. அதே ஆண்டில் இயற்றப்பட்ட ஆயுதச் சட்டம்தான் இன்றும் நடப்பில் இருக்கிறது. ஆயுதக் கொள்ளைகளை ஒடுக்க 1971இல் சுடும் ஆயுதங்கள் (கூடுதல் தண்டனை) சட்டமும் சேர்ந்தது.

இந்தக் கடுமை பிள்ளைகளையும் விட்டுவைத்ததில்லை. 1977இல் பினாங்கில் 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு, துப்பாக்கி வைத்திருந்த குற்றத்துக்காக மரண தண்டனை விதிக்கப்பட்டது. அப்போது நடப்பிலிருந்த பாதுகாப்பு வழக்கு விதிகள், இத்தகைய வழக்கில் சிறுவனையும் பெரியவரைப் போலவே நடத்தச் சொல்லின. மேல்முறையீடும் தோற்றது. நாட்டிலும் வெளிநாட்டிலும் எழுந்த எதிர்ப்புக் குரல்களுக்கு நடுவில் அவனுக்கு மன்னிப்புக் கிடைத்து உயிர் தப்பியது.

இன்று அந்த நிலை இல்லை. 2001ஆம் ஆண்டு சிறார் சட்டத்தின்படி, குற்றம் நடந்தபோது 18 வயது நிரம்பாத ஒருவருக்கு மரண தண்டனை விதிக்க முடியாது. பெரியவர்களுக்கும் கட்டாய மரண தண்டனை 2023 ஜூலை 4 முதல் நீக்கப்பட்டுவிட்டது. தூக்கா, நீண்ட காலச் சிறையா என்பதை இப்போது நீதிபதி முடிவு செய்கிறார். ஆனாலும் சட்டத்தின் பிடி தளர்ந்துவிட்டது என்று யாரும் எண்ண வேண்டாம்.

சட்டத்தின் கண்ணில் எது ஆயுதம்?

பலர் தவறிப்போகும் இடம் இது. 1960ஆம் ஆண்டுச் சட்டம் ‘ஆயுதம்’ என்று சொல்லும்போது போலீஸ் இடுப்பில் இருக்கும் துப்பாக்கியை மட்டும் குறிக்கவில்லை. குண்டையோ வேறு பொருளையோ குழல் வழியே பாய்ச்சி ஆளைக் கொல்லக்கூடிய எதுவும் அதில் அடங்கும். காற்றுத் துப்பாக்கியும் அதில் சேரும். முழுத் துப்பாக்கி இல்லாமல் அதன் ஒரு பாகம் மட்டும் இருந்தாலும் சட்டம் பாயும்.

தண்டனைகளைச் சுருக்கமாகப் பார்ப்போம்:

உரிமம் இல்லாமல் ஆயுதமோ தோட்டாவோ வைத்திருந்தால், 1960ஆம் ஆண்டுச் சட்டத்தின் 8ஆவது பிரிவின்படி 7 ஆண்டு வரை சிறை, அல்லது 10,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டும்.

அதே குற்றத்துக்கு 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின் 8ஆவது பிரிவில் குற்றஞ்சாட்டினால் 14 ஆண்டு வரை சிறையும், குறைந்தது 6 பிரம்படியும்.

துப்பாக்கி போலத் தோன்றும் போலி ஆயுதத்துக்கு, 1960ஆம் ஆண்டுச் சட்டத்தின் 36ஆவது பிரிவின்படி ஓராண்டு வரை சிறை, அல்லது 5,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டும். அந்தப் பொருள் சுடுமா சுடாதா என்பது இங்கே கேள்வியே இல்லை. பார்வைக்குத் துப்பாக்கி போல் இருந்தால் போதும்.

உரிமம் ஒருவருக்குத்தான், வீட்டுக்கு அல்ல

காட்டுப்பன்றியும் குரங்கும் செம்பனைக் கன்றையும் மரவள்ளியையும் விட்டுவைப்பதில்லை. பாலிங், சீக், பாடாங் தெராப் பக்கம் சொந்த நிலம் வைத்திருப்பவர்களுக்கு இது தெரிந்த தொல்லை. பயிர்க் காவலுக்கு வேட்டைத் துப்பாக்கி வைத்துக்கொள்ள விண்ணப்பம் செய்யலாம். மாநிலப் போலீஸ் தலைவருக்குத்தான் உரிமம் தரும் அதிகாரம். மாவட்டப் போலீஸ் தலைமையகத்தில் விண்ணப்பம் தொடங்கும். தேவை என்ன, விண்ணப்பிப்பவர் எப்படிப்பட்டவர் என்று விசாரித்த பிறகே கிடைக்கும். காலம் முடியும்போது புதுப்பிக்க வேண்டும்.

இங்கே மறக்கக்கூடாத ஒன்று உண்டு. உரிமம் யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கு மட்டுமே சொந்தம். அப்பாவின் துப்பாக்கியை மகன் தோளில் போட்டுக்கொண்டு வேலிக்காட்டுக்குப் போனால், மகனிடம் உரிமம் இல்லாத துப்பாக்கி இருக்கிறது என்றுதான் பொருள். அண்ணன் தம்பிக்குள் இரவல் கொடுப்பதும் அப்படித்தான்.

உரிமம் வைத்திருந்தவர் இறந்துவிட்டால் நிலம் போல, நகை போலத் துப்பாக்கி வாரிசுக்கு வந்துவிடாது. கருமாதி முடியட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாமல், உரிமப் புத்தகத்தோடு போலீஸ் நிலையத்தில் சொல்லிவிட வேண்டும். அலமாரிக்குப் பின்னால் துணி சுற்றி வைத்த தாத்தாவின் துப்பாக்கியைப் பேரன் ஒரு நாள் கண்டெடுப்பான். அந்த நாள் வரக்கூடாது.

பூட்டுதான் பாதுகாப்பு, புத்திமதி அல்ல

“நம் பிள்ளை அதைத் தொடமாட்டான், சொல்லி வைத்திருக்கிறேன்” என்று சொல்லாத பெற்றோர் குறைவு. 2001இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்று இதைச் சோதித்துப் பார்த்தது. 8 முதல் 12 வயதுச் சிறுவர் 64 பேரைச் சிறு சிறு குழுக்களாக ஓர் அறையில் விட்டு, இழுப்பறையில் சுடமுடியாத நிலையில் உண்மையான கைத்துப்பாக்கியை மறைத்து வைத்தார்கள். சிறுவர்களில் பெரும்பாலோர் அதைக் கண்டுபிடித்தார்கள். கண்டுபிடித்தவர்களில் பெரும்பாலோர் எடுத்துப் பார்த்தார்கள். விசையை இழுத்துப் பார்த்தவர்களும் இருந்தார்கள். துப்பாக்கியைத் தொடக்கூடாது என்று முன்பே பாடம் கேட்டிருந்த பிள்ளைகளும் இதில் அடக்கம். பிள்ளைகள் கெட்டவர்கள் என்பதல்ல இதன் பொருள். ஆவல் என்பது வயதின் குணம்; அறிவுரை அதைக் கட்டிப்போடாது.

செர்பியாவில் நடந்தது இன்னும் கொடியது. 2023 மே 3ஆம் தேதி பெல்கிரேட் நகரில் 13 வயது மாணவன் தன் பள்ளியிலேயே சுட்டதில் மாணவர்கள் ஒன்பது பேரும் காவலாளி ஒருவரும் மாண்டார்கள். அவன் கையில் இருந்தது தந்தை உரிமத்தோடு வைத்திருந்த துப்பாக்கி. வீட்டில் பாதுகாப்புப் பெட்டி இருந்தது. அதைத் திறக்கும் எண் மகனுக்குத் தெரிந்திருந்தது. சுடும் பயிற்சிக்கு அவனை அழைத்துப் போனவரும் தந்தைதான். உரிமமும் இருந்தது, பெட்டியும் இருந்தது. பிள்ளைக்குத் தெரியாமல் இருந்திருக்க வேண்டிய ஓர் எண் மட்டும் அவனுக்குத் தெரிந்துவிட்டது.

ஆகவே வீட்டில் உரிமத்துடன் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் செய்ய வேண்டியவை:

வீட்டுக்குள்ளோ வாகனத்துக்குள்ளோ கொண்டு வருவதற்கு முன்பே தோட்டாவை எடுத்துவிடுங்கள். ‘பாத்தா’ வகைத் துப்பாக்கியை நடுவில் மடக்கினால் குழல் காலியா என்று கண்ணாலேயே பார்த்துவிடலாம். காட்டிலிருந்து திரும்பும் ஒவ்வொரு முறையும் பாருங்கள். காலி என்று நேற்றுப் பார்த்தது இன்றைக்குச் செல்லாது.

துப்பாக்கியை இரும்புப் பெட்டியில் பூட்டி, பெட்டியைச் சுவரோடோ தரையோடோ இறுக்குங்கள். தோட்டாவை வேறு இடத்தில், வேறு பூட்டில் வையுங்கள்.

சாவி உரிமம் பெற்றவரிடமே இருக்கட்டும். சாமி மேடை, அலமாரி மேல், தலையணைக்கு அடியில் என்பதெல்லாம் பிள்ளைகளுக்குத் தெரிந்த இடங்கள்.

படம் பிடிக்கக்கூடப் பிள்ளை கையில் கொடுக்காதீர்கள். வேட்டைக்குச் சின்னப் பிள்ளைகளை அழைத்துப் போகாதீர்கள். புதர் அசைவதைப் பார்த்துப் பன்றியென்று எண்ணி மனிதரைச் சுட்டுவிட்ட செய்திகளை நாம் படித்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

வீட்டில் யாராவது மனம் உடைந்து போயிருந்தால், குடியும் சண்டையுமாக இருந்தால், துப்பாக்கியை வீட்டில் வைக்காமல் பாதுகாப்பாக ஒப்படைப்பது பற்றிப் போலீஸ் நிலையத்தில் பேசுங்கள். பிற வழிகளில் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றவர்களைப் பல நேரம் காப்பாற்ற முடிகிறது. துப்பாக்கியை எடுத்தவர்கள் பிழைப்பது அரிது. மனநல உதவிக்குச் சுகாதார அமைச்சின் 15555 என்ற எண்ணை அழைக்கலாம்.

காற்றுத் துப்பாக்கி, நாட்டுத் துப்பாக்கி

‘செனாப்பாங் ஆஙின்’ என்றால் குருவி சுடும் விளையாட்டுப் பொருள் என்று நினைப்பவர்கள் நிறைய. அதிலிருந்து பாயும் ஈயக் குண்டு சிறியதுதான். ஆனால் கண்ணில் பட்டால் பார்வை போகும்; அருகிலிருந்து சுட்டால் சிறு பிள்ளையின் மண்டை ஓட்டையும் துளைக்கலாம். இதற்கும் உரிமம் வேண்டும். இல்லாமல் வைத்திருந்தால் மேலே சொன்ன 7 ஆண்டுச் சிறைப் பிரிவு இதற்கும் பொருந்தும்.

தண்ணீர்க் குழாயும் ஆணியும் கொண்டு பட்டறையில் செய்யும் நாட்டுத் துப்பாக்கி இன்னும் ஆபத்தானது. குழல் வெடித்துச் சுடுகிறவரின் விரலையும் முகத்தையும் சிதைக்கும். காணொளியைப் பார்த்துச் செய்துபார்க்கும் பதின்ம வயதுப் பையன்களுக்கு இது அறிவியல் சோதனை போலத் தோன்றலாம். உரிமம் இல்லாமல் துப்பாக்கி செய்வது தனிக் குற்றம். வீட்டுக் கொட்டகையில் மகன் என்ன செய்கிறான் என்று எட்டிப் பார்ப்பது சந்தேகம் ஆகாது, அக்கறைதான்.

பன்றிப் பாதையில் தானாகவே சுடும்படி துப்பாக்கியைக் கட்டி வைப்பதும் கொலைக்குச் சமம். அந்தப் பாதையில் விடியற்காலையில் பால் மரம் சீவப் போகிறவர்கள் நம்மவர்கள். விறகு பொறுக்கவும் மீன் பிடிக்கவும் போகும் பிள்ளைகளும் அதே வழியில்தான் நடக்கிறார்கள்.

விளையாட்டுப் பொருள் என்று வாங்கியது

இன்று நகரத்துப் பிள்ளை, தோட்டத்துப் பிள்ளை என்ற வேறுபாடு இல்லாமல் எல்லார் கைப்பேசியிலும் இணையக் கடை இருக்கிறது. நீரில் ஊறிய சிறு உருண்டைகளைப் பாய்ச்சும் ‘ஜெல்’ துப்பாக்கி, பார்ப்பதற்கு அச்சாக இராணுவத் துப்பாக்கி மாதிரியே வருகிறது. கடைக்காரர் விற்கிறார், தபாலில் வருகிறது, ஆகவே குற்றமில்லை என்று பெற்றோர் நினைக்கிறார்கள். போலீஸ் இதைப் போலி ஆயுதமாகவே பார்க்கிறது. 36ஆவது பிரிவின் கீழ் நடவடிக்கை எடுக்க முடியும் என்று எச்சரித்தும் இருக்கிறது. அந்த உருண்டை கண்ணில் பட்டாலும் காயம் சிறியதாக இருக்காது.

எல்லைக்கு அப்பால் நடந்ததையும் நினைத்துப் பார்க்க வேண்டும். 2023 அக்டோபர் 3ஆம் தேதி பேங்காக் சியாம் பாராகன் பேரங்காடியில் 14 வயதுச் சிறுவன் சுட்டதில் மூவர் உயிரிழந்தார்கள். அவன் கையில் இருந்தது, சத்தம் மட்டும் எழுப்பும் வெற்றுத் துப்பாக்கியை உண்மைக் குண்டு சுடும்படி மாற்றியமைத்தது. ‘போலி’ என்பதற்கும் ‘உண்மை’ என்பதற்கும் இடையே ஒரு பட்டறை வேலைதான் இருந்தது. புக்கிட் காயு ஈத்தாம் வழியாகத் தாய்லாந்துக்குப் போய்வரும் குடும்பங்கள் நம்மிடையே பல. ஹாட்யாய் சந்தையில் பிள்ளை கேட்டான் என்று துப்பாக்கி உருவப் பொருளை வாங்கிப் பையில் போட்டு வருவது, குடும்பத்தையே எல்லைச் சாவடியில் நிறுத்திவிடும்.

பிள்ளைக்கு விளையாட்டுப் பொருள் வாங்கும்போது 2009ஆம் ஆண்டுப் பாதுகாப்புத் தர விதிகளின்படி ஒட்டப்படும் ‘எம்.சி.’ முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். தூரத்திலிருந்து பார்க்கிற ஒருவர் உண்மைத் துப்பாக்கி என்று ஏமாறக்கூடிய எதையும், முத்திரை இருந்தாலும், வாங்காதீர்கள். தீபாவளிக் கேப் துப்பாக்கியும் பளிச்சென்ற வண்ணத்தில் இருக்கட்டும். எதையும் பள்ளிக்குக் கொண்டு போக விடாதீர்கள்.

மண்ணுக்குள் கிடப்பது

1941 டிசம்பரில் ஜப்பானியப் படை ஜித்ராவிலும் குரூணிலும் போரிட்டுக் கெடா வழியாகத்தான் தெற்கே இறங்கியது. சுங்கைப்பட்டாணி விமானத் தளத்தில் குண்டு வீசியது. அடுத்து அவசரகாலம் வந்தது. இந்த மண்ணில் வெடிக்காத குண்டுகளும் தோட்டாக்களும் இன்னும் புதைந்து கிடக்கலாம். கால்வாய் வெட்டும்போதும் மறுநடவின்போதும் அவை மேலே வரும். துருப்பிடித்திருந்தாலும் வெடிமருந்து செத்துப் போயிருக்கும் என்று சொல்ல முடியாது. எடுக்கவோ தட்டவோ பழைய இரும்புக் கடைக்குக் கொண்டு போகவோ கூடாது. இடத்தை அடையாளம் வைத்து, ஆட்களை விலக்கி, 999ஐ அழைக்க வேண்டும். இதைப் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுங்கள்: பார்த்தால் தொடாதே, விலகிப் போ, பெரியவரிடம் சொல்.

பிள்ளை சிக்கிக்கொண்டால்

தண்டனைச் சட்டத்தின்படி 10 வயதுக்கு உட்பட்ட பிள்ளை செய்வது குற்றமாகாது. 10 முதல் 12 வயதுக்குள் இருந்தால், தான் செய்வது என்னவென்று புரியும் முதிர்ச்சி இருந்ததா என்று பார்ப்பார்கள். அதற்கு மேல் 18 வரை சிறார் சட்டம் பொருந்தும்.

கைது செய்தால் பெற்றோருக்கும் நன்னடத்தை அதிகாரிக்கும் போலீஸ் உடனே தெரிவிக்க வேண்டும். 24 மணி நேரத்துக்குள் சிறார் நீதிமன்றத்தில் நிறுத்த வேண்டும். பிள்ளையின் பெயர், படம், பள்ளி எதையும் ஊடகங்கள் வெளியிடக்கூடாது. தீர்ப்புக்கு முன் நன்னடத்தை அதிகாரி குடும்பச் சூழலை விசாரித்து அறிக்கை தருவார். எச்சரித்து விடுவதிலிருந்து ஹென்றி கர்னி பள்ளிக்கு அனுப்புவது வரை நீதிமன்றம் ஆணையிடலாம். மரண தண்டனைக்கு இடமுள்ள குற்றமாக இருந்தால் வழக்கு உயர் நீதிமன்றத்துக்குப் போகும்.

பெற்றோர் செய்ய வேண்டியது: உடனே போலீஸ் நிலையத்துக்குப் போங்கள். பிறப்புப் பத்திரம், அடையாள அட்டை, பள்ளி ஆவணம் ஆகியவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். வழக்கறிஞர் வைக்கப் பணம் இல்லையென்றால் தேசிய சட்ட உதவி அறவாரியத்தின் உதவியைக் கேளுங்கள். பயத்தில் பொருளை ஆற்றில் எறிவதோ, பிள்ளையைப் பொய் சொல்லச் சொல்வதோ நிலைமையை மோசமாக்கும். பிள்ளை ஆபத்தில் இருப்பது தெரிந்தால் ‘தாலியான் காசே’ 15999 எண்ணிலும் சொல்லலாம்.

பெரியவர்களின் பொறுப்பும் இங்கே முடிந்துவிடுவதில்லை. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 2021 நவம்பரில் 15 வயது மாணவன் பள்ளியில் நால்வரைச் சுட்டுக் கொன்றான். துப்பாக்கியை எட்டும்படி விட்ட தாயும் தந்தையும் 2024இல் குற்றவாளிகள் என்று தீர்ப்பாகி, தலா 10 முதல் 15 ஆண்டுச் சிறை பெற்றார்கள். நம் சிறார் சட்டத்திலும், பொறுப்பில் உள்ள பிள்ளைக்குக் காயம் நேரும் நிலையை அலட்சியத்தால் உண்டாக்குவது குற்றம். 31ஆவது பிரிவின்படி 20 ஆண்டு வரை சிறை, அல்லது 50,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டும்.

இந்த வாரமே செய்யக்கூடியவை

நூறு பேருக்கு ஒரு துப்பாக்கிகூட இல்லாத நாடு என்பது நமக்குக் கிடைத்த பெரிய பாதுகாப்பு. ஆனால் அரசாங்கத்தின் கட்டுப்பாடு வீட்டு வாசல் வரைதான் வரும். உள்ளே இருக்கும் அந்த ஒரு துப்பாக்கிக்கும் பிள்ளைக்கும் நடுவில் நிற்பது, வீட்டுக்காரர் போடும் பூட்டு மட்டுமே.

உரிமத்தோடு துப்பாக்கி வைத்திருப்பவர்கள் இன்றே பெட்டியையும் சாவியையும் சரிபாருங்கள். மற்றவர்கள் பிள்ளையின் அறையில் துப்பாக்கி உருவில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். உறவினர் வீட்டுக்கோ நண்பன் வீட்டுக்கோ பிள்ளையை அனுப்பும்போது, “வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா, பூட்டியிருக்கிறதா?” என்று கேட்கத் தயங்காதீர்கள். தமிழ்ப்பள்ளிகளின் பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள், ஆண்டுக் கூட்டத்தில் வட்டாரப் போலீஸ் அதிகாரியை அழைத்து அரை மணி நேரம் பேசச் சொல்லலாம். நாய் கடிக்குமா என்று கேட்டுவிட்டுத்தானே ஒரு வீட்டுக்குள் நுழைகிறோம்? இதையும் அப்படியே கேட்டுப் பழகலாம்.